நான்கு வருஷமாக இரண்டு வயது

10-11-1986, திங்கள்

மூன்று மாதப் பிரசவ லீவு முடிந்து இன்று எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். டைப்ரைட்டரின் உறையைக் காணோம். ரிப்பன் காய்ந்து கிடந்தது. மேலே யாரோ டீ டம்ளர் வைத்து எடுத்த வட்டக் கறை. நான் இல்லாதபோது என் வேலையை யார் பார்த்தார்கள் என்று கேட்கவே வேண்டியதில்லை. ஒருவரும் பார்க்கவில்லை. பதில் போடாத கடிதங்கள் ஒரு கட்டு அப்படியே எனக்காகக் காத்திருந்தது.

"அட, வந்துட்டீங்களா! நீங்க திரும்பி வர மாட்டீங்கன்னுல்ல நாங்க நெனச்சுட்டோம்" என்றார் ரைட்டர் ஆறுமுகம். பதினெட்டு வருஷமாக ரைட்டர். ஒரு கடிதம் சொந்தமாக எழுதத் தெரியாது. நான் எழுதி நீட்டுவேன், அவர் படித்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு மேனேஜரிடம் கொண்டுபோவார். இவர்கள் நினைத்தார்களாம்!

பதினொன்றரை மணிக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. கைக்குக் கிடைத்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மழை அளவு குறிக்கிற ஃபைல். அதுவும் கொஞ்சம் நனைந்தது.

பாப்பாவை இவர் பார்த்துக்கொண்டார். ஏரிப் பக்கத்து லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. முதலாளியிடம் சொல்லி சாயங்கால டூட்டிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். "நீ போ ராஜி, நான் பாத்துக்கறேன்" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லி அனுப்பினார். நம்பினேன். வேறென்ன செய்ய?

13-11-1986, வியாழன்

மூன்று நாள். மூன்றே மூன்று நாள்!

14-11-1986, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. இன்று எழுதுகிறேன்.

இவர் பழையபடி காலை டூட்டிக்கே போகிறாராம். காரணம், கொடியில் இவர் பாப்பா துணி காயப்போட்டதை எதிர்க் கடைக்காரர் பார்த்துச் சிரித்துவிட்டார். லாட்ஜில் ரூம் பாய்கள் "ஆயா வந்தாச்சு" என்கிறார்களாம். "ஒரு மாதிரி ஆயிடுச்சு ராஜி" என்று முகத்தைத் தொங்கப்போட்டார். பாவம், மூன்று நாளில் எவ்வளவு தாங்கியிருக்கிறார்! ஊரைக் கூட்டி மாலை போட்டிருக்க வேண்டும். எனக்குத்தான் தோன்றவில்லை.

லீவு கேட்டு மேனேஜர் ராமசாமியிடம் போனேன். அவர் உட்காரச் சொன்னபோதே விஷயம் நல்லதாக இருக்காது என்று தெரிந்தது. "கைக்குழந்தைய வெச்சிக்கிட்டு எதுக்குங்க ராஜேஸ்வரி இந்தப் பாடு? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பொங்கல் வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள குழந்தைக்கு ஒரு ஏற்பாடு ஆகலீன்னா, கௌரவமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்க. நம்ம சின்னசாமி சும்மாத்தானே இருக்கான்" என்றார். சின்னசாமி அவர் மச்சினன். முப்பது வயது. டைப்பிங் பரீட்சையில் இரண்டு முறை கோட் அடித்தவன்.

இந்த வாரத்தில் "உங்க நல்லதுக்கு" என்று சொன்னவர்களில் மேனேஜர் ஐந்தாவது ஆள். என் நல்லதில் ஊரே இவ்வளவு அக்கறையாக இருக்கும்போது நான் மட்டும் ஏன் இப்படி நாய் படாத பாடு படுகிறேன்?

இன்று குழந்தைகள் தினம். சாயங்காலம் அதே மேனேஜர் கூலிக்காரர்களின் லைன் வீடுகளுக்குப் போய்க் குழந்தைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து அரை மணி நேரம் பேசினார். அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தது நான்.

18-11-1986, செவ்வாய்

சேலத்திலிருந்து மாமியார் கார்டு போட்டிருக்கிறார். மலைக் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம். வருஷா வருஷம் மே மாதம் பூக் கண்காட்சிக்கு வந்து பதினைந்து நாள் இருந்து, மூன்று வேளையும் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுப் போகிற உடம்பு. "அவளை வேலையை விடச் சொல். நம் குடும்பத்தில் பெண்கள் சம்பாதித்து யாரும் பிழைக்கவில்லை." எழுதிக் கொடுத்தது அவர் எதிர்வீட்டுச் சாந்தி, அழுகிற மாதிரி எழுத்து. கார்டை இவர் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டேன். படித்துக்கொள்ளட்டும்.

20-11-1986, வியாழன்

காளியாயியிடம் விட்டேன்.

அவள் இந்த மலைக்காரி. தலைச்சோலைப் பக்கம். வயது நாற்பது இருக்கும். போன வருஷம் மிளகு பறிக்க மரம் ஏறி, ஏணி சரிந்து விழுந்ததில் ஒரு கால் சரியாகக் கூடவில்லை. காப்பி பறிக்க முடியாது என்று எஸ்டேட் கைகழுவிவிட்டது. லைன் வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். எட்டுப் பிள்ளைகள். ஒருத்தி ராகி தருவாள், ஒருத்தி விறகு தருவாள்.

நான் எப்படிப்பட்டவள் என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். லைன் வீட்டிலா என் பிள்ளை என்று ஒரு வாரம் சம்பளமில்லாத லீவில் உட்கார்ந்து யோசித்தேன். மூக்கு ஒழுகுகிற அந்தக் கும்பலிலா என்று முகம் சுளித்தேன். போக்கிடம் ஒன்றும் இல்லாமல் போன பிறகுதான் போனேன். போய் நின்றபோதும் ஏதோ பெரிய தயவு பண்ணுகிற மாதிரி, "பாட்டிலைக் கொதிக்கிற தண்ணியில கழுவணும், தெரியுமா?" என்றேன்.

"தெரியுமுங்க அம்மிணி. குடுங்க சாமிய" என்று கையை நீட்டினாள். பாப்பா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

2-12-1986, செவ்வாய்

அறுவடை மும்முரம். பழம் சிவந்து கொட்டுகிறது. ஒரு ஆள்கூட நிற்கக்கூடாது என்று உத்தரவு.

இன்று காப்பி பறிக்கிற அத்தாயியின் ஆறு மாதக் குழந்தையை முசுறு எறும்பு மொய்த்துவிட்டது. மேல்காட்டில் பறிப்பு. காளியாயி வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவரத் தூரம். பால் குடிக்கிற பிள்ளை என்பதால், நிழல் மரக் கிளையில் தூளி கட்டிப் போட்டிருக்கிறாள். கயிற்று வழியே எறும்பு இறங்கியிருக்கிறது. கண் இமை, காது, கால் இடுக்கு எல்லாம் தடிப்பு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடிவந்தாள்.

"அரை நாள் உடுங்க ரைட்டரய்யா, ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்துடறன்."

"எறும்பு கடிக்கெல்லாம் ஆசுபத்திரியா? தேங்காண்ணெ தடவு. சாயங்காலம் போலாம்" என்றார் ஆறுமுகம்.

நான் எழுந்தேனா? இல்லை. டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என்ன அடித்தேன் தெரியுமா — தோட்டத் தொழிலாளர் வசதி பற்றிய வருஷாந்திர அறிக்கை. "குழந்தைகள் காப்பகம்: ஒன்று. ஆயா: ஒருவர். குழந்தைகள்: பன்னிரண்டு. தினமும் பால் வழங்கப்படுகிறது."

காப்பகம் இருக்கிறது. பழம் அரைக்கிற ஷெட்டுக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட கல் கட்டிடம். போர்டும் இருக்கிறது. உள்ளே எலும்புத் தூள் மூட்டை, மருந்தடிக்கிற பம்பு, அதில் கரைக்கிற நீல மயில்துத்தம். ஒரு பிள்ளையும் அதற்குள் போனதில்லை. நான்கு வருஷமாக இந்த அறிக்கையை அடிக்கிறேன். ஒரு நாளும் விரல் கூசவில்லை. பெயர்ப் பட்டியல்கூடப் பழைய காப்பியைப் பார்த்து அப்படியே அடிப்பதுதான் வழக்கம். மூன்றாவது பெயர், மாதையன் மகள் லட்சுமி, வயது இரண்டு. அத்தாயியின் மூத்த பெண். இன்று அழுகிற தம்பியை இடுப்பில் வாங்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றாளே, அவள்தான். ஆறு வயது. என் பட்டியலில் இன்னும் இரண்டு.

வெட்கம்கெட்டவள் நான்.

5-1-1987, திங்கள்

வெள்ளிக்கிழமை அரசாங்கத் தோட்ட ஆய்வாளர் வருகிறாராம். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. மத்தியானத்துக்குள் மூட்டைகள் காப்பகத்திலிருந்து அவர் கார் ஷெட்டுக்கு மாறின. கார் வெயிலில் நிற்கிறது. மனதுக்கு நிறைவாக இருந்தது.

8-1-1987, வியாழன்

இந்தக் கூத்தை எழுதாமல் இருக்க முடியாது. சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. காப்பி நிரப்ப வந்த புதுச் சாக்கைக் கிழித்து ஆறு தூளி. அதில் எஸ்டேட் முத்திரை வேறு. பிள்ளைகளை எந்த ஊருக்கு ஏற்றுமதி செய்கிறார்களோ! சுவரில் ஒரு பசுமாட்டுக் காலண்டர், பால் வழங்குவதற்கு அத்தாட்சியாக.

ஆயா யார்? காளியாயியைச் சொன்னேன். "நொண்டிக்கிட்டு வந்து நின்னா நல்லாவா இருக்கும்?" என்றார் மேனேஜர். அவர் பங்களாச் சமையல்காரி பழனியம்மாளுக்கு வெள்ளைச் சேலை கட்டிவிட்டிருக்கிறார்கள். அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பிள்ளைகளைக் கண்டாலே ஆகாது. "சட்டினி அரைக்கச் சொன்னா அரைப்பனுங்க. இதென்னுங்க வம்பு?" என்று என்னிடம் வந்து அழுகிறாள்.

நாளைக்குப் பாப்பாவையும் அங்கே கொண்டுவந்து போட வேண்டுமாம். எண்ணிக்கைக்கு. சரி என்று சொன்னேன். பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. என் வேலை அவர் கையில்.

9-1-1987, வெள்ளி

வரிசையாகவே எழுதுகிறேன்.

ஜீப் பத்து மணிக்கு வந்தது. இறங்கியது ஒரு அம்மா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இடுப்பில் குழந்தை! எட்டு மாதம், தவழ்கிற பையன். வீட்டில் பார்த்துக்கொள்கிற பெண் இன்று வரவில்லையாம், தூக்கிக்கொண்டே வந்துவிட்டாராம். மேனேஜர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. பிள்ளையோடு வந்தவள் என்ன பெரிதாகப் பார்த்துவிடப் போகிறாள் என்கிற சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும்.

காப்பகத்தைச் சுற்றிப் பார்த்தார். தூளியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நான் தோட்டம் முழுக்கப் பார்த்துட்டு வர மூணு மணி ஆகும். இவனை இங்கயே விட்டுட்டு வரேன் சார். அதான் இவ்வளவு நல்ல ஏற்பாடு வெச்சிருக்கீங்களே" என்று பிள்ளையைப் பழனியம்மாள் கையில் கொடுத்துவிட்டார்.

மேனேஜரின் சிரிப்பு அப்படியே உறைந்தது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? எந்த வாயால்?

அவர்கள் போன கால் மணி நேரத்தில் அந்தப் பையன் வீறிட்டான். அவனைப் பார்த்து மற்றவையும். பழனியம்மாள் பிள்ளையைக் கொதிக்கிற பாத்திரம் பிடிக்கிற மாதிரி தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தரையில் விட்டுவிட்டாள். ஆறுமுகம், "ஏதாச்சும் பண்ணுங்க, ஏதாச்சும் பண்ணுங்க" என்று வாசலில் குதித்தார். நான் லட்சுமியை அனுப்பிக் காளியாயியைக் கூட்டிவரச் சொன்னேன்.

காளியாயி காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தவள் நேராகப் போய் அந்தப் பையனின் கையைப் பிடித்தாள். "தண்ணி! தண்ணி கொண்டாங்க!" என்று கத்தினாள். அப்போதுதான் பார்த்தேன். அவன் இரண்டு உள்ளங்கையும் நீலம். மூட்டையை எடுத்தவர்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்களே தவிர, தரையில் ஒட்டியிருந்த மயில்துத்தத்தைச் சுரண்டவில்லை. விரலை வாயில் வைக்கப் போனவனை அவள் பிடித்திருக்கிறாள். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் — விஷம், அது விஷம். மூன்று முறை கை கழுவினாள், விரல் விட்டு வாயைத் துடைத்துப் பார்த்தாள். பிள்ளைகளை எல்லாம் வெளியே புல்லில் உட்காரவைத்தாள். பத்து நிமிஷத்தில் சத்தம் அடங்கியது. நான் என் பாப்பாவைத் தூளியிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

மூன்று மணிக்கு அந்த அம்மா வந்தார். பையன் காளியாயி மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். கையில் பட்டியலை வைத்துக்கொண்டு, "மாதையன் மகள் லட்சுமி, வயசு ரெண்டு. யாரு?" என்று கேட்டார். லட்சுமி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி கையைத் தூக்கினாள்.

"அந்தப் புள்ள கொஞ்சம் வளர்த்தி ஜாஸ்திங்க" என்றார் மேனேஜர். சத்தியமாக இதைத்தான் சொன்னார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. முந்தின வருஷத்துப் பட்டியலை எடுத்தார். அதற்கு முந்தினதையும். லட்சுமிக்கு எல்லாவற்றிலும் இரண்டு வயது. பிறகு குனிந்து தன் பிள்ளையின் கையைப் பார்த்தார். ரேகைகளில் மிச்சமிருந்த நீலம்.

"இது என்ன?"

ஆறுமுகம் வானத்தைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பொங்கல் இருந்தது, சின்னசாமி இருந்தான், எல்லாம் இருந்தது.

"மயில்துத்தங்க. திங்கக்கிழமை வரைக்கும் இது மருந்து ரூம். இங்க ஒரு குழந்தையும் இருந்ததில்ல. நாலு வருஷமா இந்தப் பட்டியலைப் பொய்னு தெரிஞ்சே டைப் பண்ணது நான்தான்" என்றேன்.

குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

10-1-1987, சனி

ஒரு மாதத்துக்குள் காப்பகம் உண்மையாக நடக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு. மாதாமாதம் ஆய்வாளர் அம்மா வருவாராம். கிளம்பும்போது என்னிடம், "பால் கொடுக்க உங்களை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை விடணும். அது சட்டம். தெரியுமா?" என்றார். தெரியாது. ஆபீசில் இருக்கிற அத்தனை சட்டக் கடிதத்தையும் படிப்பவள் நான்.

இவரிடம் சொன்னேன். "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார். அப்புறம் வெகுநேரம் பாப்பாவின் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

19-1-1987, திங்கள்

மேனேஜர் மூளையைக் கசக்கி யோசித்திருக்கிறார். இந்தச் சமயத்தில் என்னை நிறுத்தினால் தனக்குத்தான் வில்லங்கம். அதனால் நிறுத்தவில்லை. மெமோ: இன்று முதல் டைப்பிஸ்ட் சின்னசாமி. நான் காப்பகப் பொறுப்பு. "உங்களுக்குத்தான் குழந்தைங்கன்னா உசுராச்சே" என்று பல்லைக் காட்டினார். ஆறுமுகமும் சேர்ந்து காட்டினார்.

டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணியவள் நான். பிள்ளை பெற்றவளுக்குப் பிள்ளை கழுவுகிற வேலை — அவ்வளவுதான் இவர்கள் புத்தி. பின்பக்கம் போய் அழுதேன். வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. விட்டால் இவர்கள் எல்லோரும் சரியாகச் சொன்னதாக ஆகிவிடும். மாட்டேன்.

23-1-1987, வெள்ளி

தரையை மூன்று முறை கொத்திச் சுரண்டிக் கழுவியாயிற்று. அத்தாயியும் இன்னும் ஐந்து பெண்களும் வேலை முடிந்து வந்து செய்தார்கள். கடைசியில் காளியாயி தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் தரை முழுக்கத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நீலம் இல்லை. அப்புறம்தான் பிள்ளைகளை உள்ளே விட்டாள்.

ஆயா சம்பளம் இன்னும் பழனியம்மாள் பெயரில்தான். அவள் பங்களாவில் சட்டினி அரைக்கிறாள். காளியாயிக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

6-2-1987, வெள்ளி

சின்னசாமி ஒரு கடிதம் அடிக்க ஒரு பகல் ஆகிறது. குப்பைத் தொட்டி நிறைந்துவிட்டது. அடுப்பு மூட்டக் காளியாயிக்குக் கொடுத்தனுப்பினார்கள். அவன் அடித்த கடிதங்களால் யாருக்கோ ஒரு பயன்.

9-2-1987, திங்கள்

ஆய்வாளருக்குப் பதில் அனுப்ப இன்றுதான் கடைசி நாள். பதினொரு மணி. நான் சுவரில் சாய்ந்து பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. மேனேஜர். கையில் காகிதம், பக்கத்தில் சின்னசாமி, பின்னால் ஆறுமுகம்.

"ராஜேஸ்வரி, கொஞ்சம் ஆபீசுக்கு வாங்க. இத உடனே அடிக்கணும். மூணு மணி பஸ்ஸுக்குப் போவணும்" என்றபடி காலை உள்ளே வைத்தார்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க தொரை. புள்ளைங்க தவழற எடம்" என்றாள் காளியாயி. எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். நான் பாப்பாவைப் பார்த்தேன். காட்டு பூட்ஸ், முழங்கால்வரை கயிறு கட்டினது. வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஒரு சாக்ஸில் ஓட்டை.

"பால் குடுக்கற நேரமுங்க. முடிச்சிட்டு வரேன். வந்தா என் சீட்டுல என்னைத் தவிர யாரும் உக்காரக் கூடாது. மொதல்ல காளியாயி பேருக்கு ஆயா வேலை ஆர்டர் அடிப்பேன், நீங்க கையெழுத்துப் போடணும். அப்புறம்தான் அந்தப் பதில்" என்றேன். முந்தானையைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"நொம்பத்தான் பண்றீங்க" என்றார். ஆனால் போகவில்லை. பாப்பா நிதானமாகக் குடித்தது. நடுவில் ஒரு முறை நிறுத்தித் திரும்பி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தது. எல்லாம் முடியப் பதினெட்டு நிமிஷம் ஆனது. அவர் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

16-3-1987, திங்கள்

முந்தாநாள் பெய்த மழைக்கு மேல்காட்டில் காப்பி மொட்டு விட்டிருக்கிறது. மழை அளவு ஃபைலில் குறித்தேன்.

காலையில் பாப்பாவைக் காப்பகத்துக்கு இவர் கொண்டுபோய் விடுகிறார். பாப்பாவின் துணி வைத்த பையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டுதான் போகிறார். எதிர்க் கடைக்காரர் பார்த்துவிடுவாராம்! இருந்தாலும் போகிறார்.

புது ரிப்பன் போட்டுப் பட்டியலை முதலிலிருந்து அடித்தேன். ஆயா: காளியாயி. பழைய காப்பியைப் பார்க்கவில்லை. காப்பகத்துக்கே போய் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக் குறித்து வந்தேன். மூன்றாவது பெயரை எடுத்துவிட்டேன். லட்சுமிக்கு வயது ஆறு, ஜூன் மாதம் பள்ளிக்கூடம். கடைசி வரி மட்டும் அடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

பதினான்கு. கவிதா, வயது ஏழு மாதம். தாயார்: ராஜேஸ்வரி. தாயாரின் வேலை: டைப்பிஸ்ட்.